தலைக்கோலும் அமுதசுரபியும்

மேடையேறிப் பட்டம் பெற்ற அழகி ஒருத்தியைத் தமிழ்க் காப்பியங்களில் தேடுவோர்க்கு முதலில் நினைவுக்கு வருபவள் மாதவியே. ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் அழகும் நிரம்பப் பெற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ வேந்தன் அவையில் அவள் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டத்துடன் வேந்தன் மாலையும் 1008 கழஞ்சு பொன்னும் அவளுக்குப் பரிசாயின. அந்த மாலையைக் கூனி ஒருத்தி செல்வ இளைஞர் உலவும் தெருவில் நின்று விலை கூறினாள். விலை கொடுத்து வாங்கியவன் கோவலன். பட்டம் வழங்கப்பட்ட அன்றே பட்டத்திற்கு விலையும் குறிக்கப்பட்டுவிட்டது என்பதைச் சிலப்பதிகாரம் ஒளிவு மறைவின்றிக் காட்டுகிறது.

அம்மாதவியின் மகள் மணிமேகலை. தாயின் அழகு அவளுக்கும் வாய்த்தது. ஆனால் அவள் கைக்கு வந்தது தலைக்கோல் அன்று, அமுதசுரபி. ஒரு தலைமுறைக்குள் அரங்கிலிருந்து அறத்திற்கு நேர்ந்த இந்தப் பெயர்ச்சியே சாத்தனாரின் காப்பியப் பொருள் எனலாம். இக்காலத்து அழகுராணிப் போட்டிகளும் இதே பெயர்ச்சியைத் தாம் நிகழ்த்துவதாகக் கூறிக்கொள்கின்றன. பட்டம் பெற்றவள் தொண்டு செய்கிறாள், ஏழையர்க்கு நிதி திரட்டுகிறாள் என்பது அவற்றின் வாதம். அவ்வாதத்தை மணிமேகலையின் கலத்தில் இட்டு அளந்து பார்ப்பது தமிழ் பயில்வோர்க்குப் பயன் தரும்.

மேடையில் மதிப்பெண் பெறும் அறம்

உலக அழகிப் போட்டி 1951 ஆம் ஆண்டில் இலண்டனில் எரிக் மோர்லி என்பவரால் தொடங்கப்பட்டது. நீச்சலுடை அணிவகுப்பாகத் தோன்றிய அப்போட்டிக்கு ‘நோக்கமுள்ள அழகு’ என்னும் அறப்பணிப் பிரிவை அவருடைய துணைவியார் ஜூலியா மோர்லி 1972 இல் சேர்த்தார். நாளடைவில் அப்பிரிவு போட்டியின் முதன்மையான உறுப்பாயிற்று. அண்மைக் காலத்தில், அறப்பணியில் முதலிடம் பெறுபவர் அடுத்த சுற்றுக்கு நேரே தகுதி பெறும் முறையும் ஏற்பட்டது. இந்தியாவின் மானுஷி சில்லர் 2017 இல் உலக அழகியானபோது, மாதவிடாய்க் காலத் தூய்மை குறித்து அவர் மேற்கொண்ட பணியும் அப்பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது.

இதில் நன்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பட்டம் பெற்ற பெண் பேசினால் ஊர் காது கொடுக்கும். ஆயினும் அறம் மதிப்பெண்ணுக்கு உரியதாகும்போது அதன் இயல்பு மாறுபடுகிறது. பசித்தவனுக்கு இட்ட சோறு இட்டவளின் வெற்றிக் கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது. ஈகைக்கும் முதலீட்டிற்கும் இடையே உள்ள வரப்பு அங்கே அழிகிறது. குறியெதிர்ப்பை நோக்காது கொடுப்பதே ஈகை என்று கற்றுத்தரும் தமிழாசிரியர், இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டியவராகிறார்.

காப்பாரின் விருந்து மண்டபம்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது காப்பார். ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அங்கு வாழ்ந்தோர் பட்டணத்தின் விளிம்புகளுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகளோ, நாட்டின் பிற பகுதித் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றைப் போலவே, கட்டடத்திற்கும் தளவாடத்திற்கும் பொதுமக்களின் நன்கொடையை நாடி வந்துள்ளன. பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விருந்து நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுவது காப்பார் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை அனைவரும் அறிந்த வழக்கம்.

அத்தகைய விருந்துகளுக்குக் கிரீடமும் தோள்பட்டையும் அணிந்த அழகுராணி சிறப்பு வருகை புரிவதும் புதிதன்று. மேசைக்கு இன்ன தொகை என்று சீட்டு விற்கப்படும். பொன்னாடைகள் போர்த்தப்படும். ஆளுயரக் காசோலை மேடைக்கு வரும். அதன் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்து நிற்க, நிழற்படக் கருவிகள் மின்னும். மறுநாள் நாளேட்டில் வெளிவரும் படத்தில் அழகுராணியின் முகம் நடுவில் இருக்கும். எந்தப் பிள்ளைகளின் பெயரால் நிதி திரட்டப்பட்டதோ அவர்கள் ஓரத்தில் நிற்பர், அல்லது நில்லார். விருந்தால் பள்ளிக்குக் கூரை கிடைப்பது உண்மை, அக்கூரை வேண்டியதே. ஆனால் தன் பள்ளிக்குக் கூரை கிடைத்தது உரிமையாலா, ஒருவருடைய பட்டத்தின் அருளாலா என்னும் ஐயம் அங்குப் பயிலும் பிள்ளையின் உள்ளத்தில் தங்கிவிடுமாயின், கூரை வந்தும் ஒரு குறை நிற்கும்.

கலம் காட்டும் மூன்று அளவைகள்

மணிமேகலைக் காப்பியம் இக்குறையை முன்னரே உணர்ந்ததுபோல் மூன்று அளவைகளைத் தருகிறது.

முதலாவது, கலத்தில் விழுந்த முதற் பிச்சை. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் பெற்ற அமுதசுரபியை ஏந்திப் புகார் நகர் மீண்ட மணிமேகலை, அரண்மனை வாயிலுக்கோ வணிகர் மாளிகைக்கோ தன் கலத்தைக் கொண்டு செல்லவில்லை. மனைத்தக்க மாண்பு மிக்க ஆதிரையின் வீட்டு வாயிலில் சென்று நின்றாள். கொடையின் தொடக்கம் கொடுப்பவரின் செல்வத்தில் அன்று, அவருடைய ஒழுக்கத்தில் என்பது சாத்தனாரின் துணிபு. எவர் பணமாயினும் ஏற்கலாம் என்று எண்ணும் விருந்துக் குழுவினர் கற்க வேண்டிய பாடம் இது.

இரண்டாவது, அழகை மறைத்தல். உலக அறவியில் ஏழையர்க்கு உணவிடும் மணிமேகலையை உதயகுமரன் பின்தொடர்கிறான். அவன் கண்ணுக்குப் பசித்த கூட்டம் புலப்படவில்லை. உணவிடும் அழகியே புலப்பட்டாள். அப்போது அவள் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசியால் 12 ஆண்டுகள் வருந்தியவள் காயசண்டிகை. அழகு அறத்திற்கு இடையூறானபோது அழகி பசித்தவளின் உருவையே தன் உருவாக்கிக்கொண்டாள் என்பது காப்பியத்தின் மிக நுட்பமான இடம். இக்காலத்து மேடை அதனைத் தலைகீழாக்குகிறது. பசித்தவரின் நடுவே அழகி மேலும் பளிச்சிடுமாறு அது ஒளி பாய்ச்சுகிறது.

மூன்றாவது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது. சிறையில் வாடுவோர்க்கு உணவளித்த மணிமேகலையை வேந்தன் அழைத்து, வேண்டுவது யாது என வினவியபோது அவள் பொன் கேட்கவில்லை, புகழும் கேட்கவில்லை. சிறையை ஒழித்து அதனை அறம் வளரும் இடமாக்குமாறு கேட்டாள். ஒருநாள் உணவு ஒருநாள் பசியையே தீர்க்கும். இடம் மாறினால் வாழ்வு மாறும். தொண்டின் முடிவு, நிலையான ஏற்பாடு ஒன்றில் சென்று நிற்றல் வேண்டும் என்பது இதன் கருத்து.

பட்டங்களுக்கு அப்பால் நின்ற பள்ளி

இம்மூன்று அளவைகளுக்கும் ஓரளவு ஈடுகொடுத்து நிற்கும் சான்று ஒன்று கோலாலம்பூரிலேயே உண்டு. இந்தியத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்த டெபோரா பிரியா ஹென்றி 2007 இல் உலக அழகிப் போட்டியிலும் 2011 இல் பிரபஞ்ச அழகிப் போட்டியிலும் மலேசியாவின் சார்பில் கலந்துகொண்டார். அவ்விரு பட்டங்களுக்கும் இடையே, 2009 இல், சோமாலிய அகதிப் பிள்ளைகளுக்காக ‘ஃபுஜீ’ என்னும் பள்ளியைப் பிறருடன் இணைந்து தொடங்கினார். அகதிகள் குறித்த 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆதலால் அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. படிக்கும் வயதில் படிப்பின்றிக் கிடந்த அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியாக அது தோன்றியது.

இப்பணியில் கருதத்தக்க சிறப்புகள் சில உள. வாக்களிக்கும் உரிமையற்ற, கைதட்டும் கூட்டமாகவும் ஆக முடியாத, நாளேட்டில் படம் போட்டு நன்றி கூற இயலாத மக்களைத் தேடிச் சென்றது அது. மேடை ஏறிய ஆண்டோடு முடிந்துவிடாமல் அது தொடர்ந்தது. விருந்துக் கொடையை மட்டும் நம்பியிராமல், அகதிப் பெண்கள் செய்யும் அணிகலன்களை விற்கும் முயற்சியும் அதனோடு இணைந்து வளர்ந்தது. கொடையைப் பெறும் கை தொழில் செய்யும் கையாக மாறுவது சிறிய மாற்றம் அன்று.

எனினும் இச்சான்றைப் போட்டிக்கு ஆதரவான வாதமாகக் கொள்வதில் தடையுண்டு. பட்டம் அப்பள்ளிக்குக் கதவுகளைத் திறந்திருக்கலாம். செல்வரின் செவியை ஈர்த்திருக்கலாம். ஆனால் பள்ளியை ஆண்டுதோறும் நடத்தியது பட்டம் அன்று. ஆசிரியர் ஊதியம், வாடகை, பாடநூல் என்று மாதந்தோறும் முளைக்கும் தேவைகளைக் கிரீடம் தீர்ப்பதில்லை. 1966 இல் ஆசியாவின் முதல் உலக அழகியான இந்தியாவின் ரீத்தா ஃபாரியா, பட்ட ஆண்டு முடிந்ததும் ஒளிமேடையை விட்டு மருத்துவக் கல்விக்கே மீண்டு மருத்துவரானார். இருவரிடத்தும் காணப்படுவது ஒன்றே: பட்டத்தைக் கடந்து செல்லும் ஆற்றல்.

ஆபுத்திரனின் துயரும் கிள்ளானின் கோரிக்கையும்

அமுதசுரபியின் முந்தைய வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தாங்கியுள்ளது. மணிமேகலைக்கு முன் அக்கலத்தை ஏந்தியவன் ஆபுத்திரன். இந்திரனின் செயலால் நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியது. பசித்தோர் இல்லாது போயினர். வறியோரைத் தேடி அலைந்த ஆபுத்திரன் கடல் கடக்க முயன்று மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். கலத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் துறந்தான். பசி ஒழிந்த நாடு கொடையாளிக்குப் பாழ்நிலமாகத் தோன்றிய அவலம் அது. கொடுக்கும் இன்பத்தில் ஆழ்ந்தவர் கொடை தேவைப்படாத நாளை விரும்புகிறாரா என்னும் கேள்வி அங்கே எழுகிறது. அறநிதி திரட்டும் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

கிள்ளான் வட்டாரத்துத் தமிழர் இக்கேள்விக்குத் தம் வரலாற்றிலேயே விடை வைத்துள்ளனர். 1941 இல் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். பின் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஊதிய உயர்வோடு பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வசதியையும் அவர்கள் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவை நீக்குமாறும் கேட்டனர். வறுமையின் அடித்தளத்தில் நின்றவர்கள் பிச்சை கேட்கவில்லை. தலைநிமிர்ந்து செல்லும் உரிமையைக் கேட்டனர். அவர்தம் கொள்ளுப்பேரர் பயிலும் பள்ளிக்கு இன்று நிதி திரட்டுவோர் இவ்வரலாற்றை மறத்தல் தகாது. பின்னாளில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்காகத் தோட்டத்து உழைப்பாளரும் தம் சிறுதொகையை ஈந்தனர். பெறுவோராக மட்டுமே எண்ணப்பட்டவர் கொடுப்போராக எழுந்த நிகழ்ச்சி அது. அங்கே முடி சூடியவர் எவருமில்லை. கலமும் உணவும் மக்களுடையனவாகவே இருந்தன.

அளவுகோல்

அழகுராணிகளின் தொண்டை எள்ளி நகையாடுவது எளிது. வியந்து பாராட்டுவது அதனினும் எளிது. இரண்டும் திறனாய்வு ஆகா. அழகு பாவமன்று, மணிமேகலையின் அழகையும் சாத்தனார் பழிக்கவில்லை. அது எதற்குக் கருவியாகிறது என்பதையே அவர் நோக்கினார். தொண்டு பட்டத்திற்குப் படிக்கட்டாகுமாயின் அது மாதவியின் மாலை. அதற்கு விலை கூறக் கூனிகள் என்றும் கிடைப்பர். பட்டம் தொண்டிற்குப் படிக்கட்டாகி, ஏறியபின் கீழே விடப்படுமாயின் அது மணிமேகலையின் வழி.

காப்பாரின் தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி நாளை கிரீடம் சூடலாம். அதனைத் தடுப்பது ஆசிரியர் பணியன்று. தலைக்கோல் ஓராண்டில் வேறொருத்தி கைக்குச் செல்லும் என்பதையும், அமுதசுரபியை ஏந்தியவளுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை என்பதையும் அவள் உணருமாறு காப்பியத்தைக் கற்பிப்பதே அவர்தம் பணி.