96 என்ற எண்ணும் அப்பாவின் கண்ணும்

அப்பா 14 அங்குல லேப்டாப்பில் செய்தித்தாளைக் குனிந்து குனிந்து படிக்கிறாரே என்று 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாட்டியதும் கணினி தானாகவே எழுத்தளவை 150 சதவீதம் என்று வைத்துக்கொண்டது. "ஆட்டோமேட்டிக்கா செட் ஆயிடுச்சுப்பா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், மனுஷர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரைக்கு ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்திருக்கிறார். "கண்ணாடி பவர் மாத்தணும் போலிருக்குடா" என்கிறார். மாற்ற வேண்டியது கண்ணாடியை இல்லை, அந்த 150ஐ.

இந்தக் கணக்கைக் கணினி எப்படிப் போடுகிறது? ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைக் கணினிக்குத் தருகிறது. ஈடிஐடி என்று பெயர். அதில் திரையின் அகலமும் உயரமும் இருக்கும். புள்ளிகளின் எண்ணிக்கையை அங்குலத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எழுத்தை எவ்வளவு பெருக்குவது என்பதற்கு அதுதான் முக்கிய ஆதாரம்.

முதல் சிக்கல், குறிப்பே தப்பாக இருக்கலாம். சில டிவிகள் தங்கள் அளவு 160 மி.மீ. × 90 மி.மீ. என்று சொல்லும். 16:9 என்ற விகிதத்தை அளவுக்கான இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை நம்பினால் ஹாலில் இருக்கும் டிவி 7 அங்குல டேப்லெட் ஆகிவிடும். புரொஜெக்டருக்கோ நிலையான அளவே கிடையாது. இதெல்லாம் சில்லறைப் பிழை. சந்தேகமான எண் வந்தால் ஒதுக்கு என்று நிரலில் ஒரு வரி எழுதினால் தீரும்.

குறிப்பு சரியாகவே இருந்தாலும் வரும் சிக்கல்தான் பெரிது. 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். 14 அங்குல 1920×1080 லேப்டாப்பில் 157. கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் விடையும் ஒன்றுதான். ஆனால் லேப்டாப் கைக்குப் பக்கத்தில் இருக்கும். மேசை மானிட்டர் இன்னும் தள்ளி இருக்கும். 55 அங்குல 4கே டிவியில் 80 புள்ளிதான். சூத்திரப்படி எதையும் பெருக்கவே வேண்டாம். பத்தடி தள்ளி சோஃபாவில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தூரம் ஆரம்பத்தில் கணக்கில் இருந்தது. 1984இல் வந்த மேக்கின் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளிகள், அச்சுக்காரரின் ஒரு பாயிண்டுக்கு ஒரு புள்ளி. மைக்ரோசாஃப்ட், காகிதத்தைவிடத் திரை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் இருக்கும் என்று சொல்லி 72ஐ 96 ஆக்கியது. அதாவது 96 என்பது ஒருவர் எங்கே உட்காருவார் என்ற ஊகம். ஊகம் மறந்துபோய் எண் மட்டும் மிஞ்சிவிட்டது.

ஆப்பிள் 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தபோது இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். உண்மைதான். 1440×900 என்பதை அப்படியே 2880×1800 ஆக்கினார்கள். அதே 15 அங்குலம், அதே மடி, அதே தூரம். அங்கே ஊகிக்க ஒன்றுமே இல்லை.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் நஷ்டம் அதிகம். பழைய நிரல்களின் சாளரத்தை ஒரு படம்போல இழுத்துப் பெரிதாக்கும்போது எழுத்து மங்கும். ஆங்கில 'ஐ'யின் தலைப்புள்ளி கரைந்தாலும் படித்துவிடலாம். நம் எழுத்தில் புள்ளி போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும்.

தானியங்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஊகமாக அது இருக்கட்டும். ஆனால் புது மானிட்டரை மாட்டியதும், பயனரின் மொழியிலேயே ஒரு பத்தியை மூன்று அளவுகளில் காட்டி "எது சிரமமில்லாமல் படிக்க முடிகிறது?" என்று ஒருமுறை கேட்கலாமே? பதிலை அந்த மானிட்டருக்கென்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கேட்காததால்தான் அப்பா மாதிரி ஆட்கள் குறையைத் தங்கள் கண்மேல் போட்டுக்கொள்கிறார்கள்.

200 சதவீதம் வைத்துவிட்டேன். "எல்லாம் பெருசாயி இடமே இல்லாமப் போச்சே" என்று குறைப்பட்டார். ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் குறைப்பட்டார்.