வெள்ளைப் பலகைக்கு உள்ள கிராக்கி

மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் பேசும்போது பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, ‘ஓன் போர்டா, டி போர்டா?’ என்பதுதான். பூ ஜோடித்த ஆடி காரின் முன்னால் மஞ்சள் நம்பர் பிளேட் தெரிந்தால், வாடகை வண்டி என்று ஊருக்கே தெரிந்துவிடும். வெள்ளைப் பலகை என்றால் மாப்பிள்ளையின் சிநேகிதர் கார் என்றோ, மாமா கார் என்றோ நினைத்துக்கொள்வார்கள். சொந்தக் காரை விசேஷங்களுக்கு விடுகிறவர்கள் வாங்கும் வாடகை அந்தப் பலகைக்கும் சேர்த்துத்தான். சட்டம் தடுப்பதும் அதையேதான்.

இந்தப் பழக்கத்தை எடுத்த எடுப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பஞ்சாங்கம் அப்படி. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காற்று வாங்கும்; வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் ஊரிலுள்ள அத்தனை மண்டபமும் நிறையும். அந்தச் சில நாட்களை நம்பி எந்த டிராவல்ஸ்காரரும் பென்ஸ் வாங்கி நிறுத்த மாட்டார். அதே பென்ஸ் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் உறை போர்த்தி நிற்கிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023இலிருந்து வாழ்நாள் வரியே 20 சதவீதம். அதில் கொஞ்சமாவது திரும்பி வரட்டும் என்று டாக்டர் நினைப்பதில் தப்பில்லை. முன்பெல்லாம் ஊர்ப் பெரியவர் வீட்டு அம்பாசிடர் இரவலாக வரும். பெட்ரோல் போட்டு, டிரைவருக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. இப்போது இரவல் கேட்கக் கூச்சம். பணம் கொடுத்தால் கடன்பாடு இல்லை.

ஆனால் பணம் கைமாறிய நிமிடமே அந்தக் கார் சட்டத்தின் கண்ணில் வேறு வண்டியாகிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவின்படி வாடகைக்கு ஓட பர்மிட் வேண்டும். இல்லாமல் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்துக்கு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. சந்தனம் பூசிய மாப்பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட எந்த அதிகாரிக்கும் மனசு வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பயப்பட வேண்டியது இன்சூரன்சுக்கு. தனியார் காருக்கான பாலிசியில் ‘வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறது. விபத்து நடந்தால் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அதைக் கார்க்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. ஒரு மாலை வாடகைக்கு ஆசைப்பட்டவர் வீட்டை விற்கும் நிலைக்கு வரலாம். நொறுங்கிய காருக்கான இழப்பீட்டில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: சொந்த உபயோக பாலிசியில் இருந்த கார் வாடகைக்கு ஓடிய வழக்கொன்றில், கோரிக்கையை அடியோடு மறுக்கக் கூடாது, ஒரு பகுதியாவது தர வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் காருக்குள் உட்கார்ந்திருக்கும் மணமக்களுக்குத் தெரியாது. ஆர்.சி. புக்கை யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தில் எனக்குப் படும் பெரிய குறை இந்த அறியாமைதான்.

பழைய மாரிஸ், பியட் வைத்திருப்பவர்கள் இன்னும் சிக்கலில் இருக்கிறார்கள். 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழங்கார் பேரணிக்கும் ஓட்டலாம், வியாபாரத்துக்குக் கூடாது. போட்டோவில் அழகாக விழுகிறது என்று கல்யாண வீட்டார் கேட்பதென்னவோ இந்த வண்டிகளைத்தான்.

சரவெடிப் பொறி, செல்லோடேப் பிசின், ஊர்வலத்தில் ஊர்ந்து சூடேறும் கிளட்ச், சன்ரூஃப் வழியே எழுந்து நிற்கும் மாப்பிள்ளையின் ஷூ பதிந்த சீட் – இவை சில்லறைச் சேதங்கள். முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

டாக்சிக்காரர்களின் ஆத்திரத்தை அப்படிக் கழிக்க முடியாது. பர்மிட், எஃப்.சி., வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தனி இன்சூரன்ஸ் என்று அவர்கள் செலவழித்த பிறகு, ஒன்றும் இல்லாத வெள்ளைப் பலகைக்குக் கூடுதல் வாடகை கிடைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1976ஆம் வருஷச் சட்டம் கல்யாணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் ஓடும் வண்டிகளுக்கு வாடகைக் கார் உரிமத்திலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் தகுந்த இன்சூரன்ஸ் இல்லாமல் அங்கும் ஓட்ட முடியாது. இங்கும் மணமக்கள் ஏறும் ஒரே வண்டிக்கு, ஊர் எல்லைக்குள், ஒரு நாள் பிரீமியம் கட்டி ஓட்ட அனுமதி கொடுக்கலாம் என்பது என் கட்சி. அந்த பென்ஸால் டாக்சிக்காரரின் பிழைப்பு கெடாது. அதே சாக்கில் ஓன் போர்டு இனோவாவில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்து, அதையும் கல்யாண வண்டி என்று சொன்னால் ஏற்க மாட்டேன். அது டாக்சி, மஞ்சள் பலகை மாட்டிக்கொண்டு ஓடட்டும்.