பலஸ்தீன ஆதரவை எதைக் கொண்டு அளப்பது?

பலஸ்தீன் பற்றி நமது சஞ்சிகைகளில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இந்தியா நண்பனாக இருந்து மாறிப்போனது. இலங்கையோ இன்றுவரை மாறவில்லை. 2023 அக்டோபர் 27இல் ஐ.நா. பொதுச்சபையில் காஸா தீர்மானத்தை இலங்கை ஆதரித்தது, இந்தியா ஒதுங்கி நின்றது என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். தகவல் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் ஏட்டிலுள்ளதைப் பார்ப்போம். 1947இல் பலஸ்தீனைப் பிரிக்கும் திட்டத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தாலும் முழுமையான இராஜதந்திர உறவு 1992 ஜனவரியில்தான் ஏற்பட்டது. இலங்கை வைத்திருந்த உறவை 1970இல் சிறிமாவோ அரசு துண்டித்தது. 1984இல் ஜே.ஆர். ஜயவர்தன அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவுக்கு இடமளித்தார். 1990இல் பிரேமதாச அதை மூடினார். 2000 மே மாதம் உறவு மீண்டது. பலஸ்தீன் அரசை இரு நாடுகளும் 1988இலேயே அங்கீகரித்துவிட்டன.

இந்தத் திகதிகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாதிக் கதைதான் தெரியும். தூதரகம் திறக்க முப்பது வருடங்களுக்கு முன்பே, 1962 சீன யுத்தத்தின்போது, நேரு அரசு இஸ்ரேலிடம் ஆயுதம் கேட்டுப் பெற்றது. இலங்கைக்குக் கிபிர் விமானங்கள் வந்தது 1996இல். அப்போது கொழும்பில் இஸ்ரேலியப் பிரதிநிதி எவரும் இல்லை. ஏட்டின்படி உறவே இல்லை! ஆக இரு நாடுகளிலும் ஆயுதம் முந்திக்கொண்டது, தூதர் பிந்தித்தான் வந்தார். வேறுபாடு ஒன்றுதான். இந்தியா அயல்நாடுகளுடனான போருக்காகக் கை நீட்டியது; இலங்கை தன் குடிமக்கள் வாழ்ந்த மண்ணில் நடந்த போருக்காக. 1984இல் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 2000இல் ஆனையிறவு வீழ்ந்து ஒரு மாதம் ஆகுமுன் உறவு புதுப்பிக்கப்பட்டது.

இதை எனக்கு உணர்த்தியவர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒரு பெரியவர். 1995 அக்டோபர் 30 இடம்பெயர்வில் கிளம்பி, வன்னியில் வருடக்கணக்காக இருந்து திரும்பியவர். குலை வாங்கப் போன இடத்தில் என் கையிலிருந்த சஞ்சிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பலஸ்தீனத்தைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா எங்களுக்கு மேல குண்டு போட்ட கிபிர் எங்கயிருந்து வந்தது எண்டு ஒரு வரியும் காணேல்லையே?"

"இல்லை ஐயா, எழுதேல்லை" என்பதைத் தவிர என்னிடம் பதில் இருக்கவில்லை.

1984இல் நலன்காக்கும் பிரிவை முஸ்லிம்கள் கண்டித்தார்கள். அப்போது வெளிநாட்டமைச்சராக இருந்தவரே ஏ.சி.எஸ். ஹமீத் என்பதால் அது சமூகத்துக்குள்ளும் கசப்பான விஷயம். ஆனால் அந்தக் கண்டனத்தைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் அல்குத்ஸ் வருகிறது, பலஸ்தீன அகதி வருகிறார். அந்தப் பயிற்சியும் ஆயுதமும் இங்கே யார்மீது பயன்பட்டன என்பது வருவதில்லை. 1990 அக்டோபரில் புலிகள் நம்மை வடக்கிலிருந்து விரட்டியது அந்த மௌனத்தை இன்னும் இறுக்கியது. புத்தளத்து முகாமில் வளர்ந்த எனக்கு அந்தக் கோபம் தெரியும். நம் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசாத தமிழ் எழுத்தாளர்களை நாம் குறை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அதே தராசை நமக்கும் பிடிக்க வேண்டாமா?

2023இல் ஐ.நா.வில் கை உயர்த்திய அடுத்த மாதமே, இஸ்ரேலிய விவசாயப் பண்ணைகளுக்குத் தொழிலாளரை அனுப்ப இலங்கை உடன்பட்டது. பலஸ்தீனருக்கு வேலை மறுக்கப்பட்டு ஆள் தட்டுப்பாடு வந்த நேரம் அது. இந்தியாவும் தன் தொழிலாளரை அனுப்பியது. வாக்கில் பிரிந்த இரு நாடுகளும் இந்த விஷயத்தில் ஒன்றுபட்டன.

ஆகவே இனி ஒப்பீடு எழுதுவோர் தூதரகம் திறந்த திகதியோடு நிற்க வேண்டாம். எந்த ஆயுதம் வந்தது, அது யார் தலையில் விழுந்தது, எந்தத் தொழிலாளர் போனார், அவர் யாருடைய இடத்துக்குப் போனார் என்பதையும் எழுதுங்கள். நீர்வேலிப் பெரியவர் கேட்டதும் அதைத்தான்.