எரிமலை: சொல்லும் பொருளும்

எரிமலைப் பாடத்தை நம் வகுப்புகளில் நடத்தும் முறை குறித்துத் தமிழாசிரியர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'எரிகின்ற மலை' எனச் சொற்பிரித்துப் பொருள் கூறி, 'நம் ஜொகூரில் அஃது இல்லை' என முடித்துவிடுவது பலர் வழக்கம். இவ்விரண்டும் மாணவரை அரைவழியில் நிறுத்திவிடுகின்றன.

முதலாவது, எரிமலையில் விறகு போல் எரிவது ஒன்றுமில்லை; பாறைக் குழம்பும் ஆவியும் சாம்பலுமே வெளிப்படுகின்றன. அவை வெளிப்படும் வாயே முதன்மையானது. மலையோ, வாய் உமிழ்ந்தவை குவிந்து பின்னர் உண்டாவது. மலையை முதலாகக் கொள்வோர், 'வாய் ஏன் இவ்விடத்தில் திறந்தது?' என்று கேட்பதேயில்லை.

அவ்வாறு கேட்போரும், 'நிலப்பிளவு உள்ள இடமெல்லாம் எரிமலை' என எளிதில் விடை கூறிவிடுவர். அதுவும் பொருந்தாது. சுமத்திராவின் நெடுகிலும் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும்பிளவு ஓடுகிறது. சில எரிமலைகள் அதனை ஒட்டியுள்ளன. பல தள்ளியே நிற்கின்றன. 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துப் பேராக்கின் லெங்கோங் வரை சாம்பல் தூவிய தோபாவும் பிளவின்மேல் அமைந்ததன்று.

காரணம் இரண்டு எனப் பிரித்துக் காண்க. கடற்றளம் தீவின் அடியில் அமிழ்ந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, அதனினின்று பிரியும் நீர் மேலுள்ள பாறையை உருகச் செய்கிறது. எரிமலை வரிசை எங்கே அமையும் என்பதை இவ்வாழமே பெரிதும் உறுதி செய்கிறது. அவ்வரிசையினுள் வாய் எங்கே திறக்கும் என்பதில் மேலோட்டின் வெடிப்புகளும் இழுவிசையும் பங்குகொள்கின்றன. சட்டையின் பொத்தான் துளையை நோக்குக. குறுக்கே இழுத்தால் துளை விரியும். நெடுக்கே இழுத்தால் மூடிக்கொள்ளும். பிளவும் அத்தகையதே. இழுவிசை குறுக்கே அமைந்தாலன்றிக் குழம்புக்கு எளிதில் வழி கிடைப்பதில்லை.

இனி ஜொகூருக்கு வருவோம். இங்கு இன்று உமிழும் எரிமலை இல்லை என்பது மெய். ஆயினும் செடிலி, பெங்கராங் பக்கங்களில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைப் பாறைகள் உள்ளன. சிகாமட்டில் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு கருங்கல்லாய்க் கிடக்கிறது. எரிமலைப் பாறை சிதைந்து விளைந்த செம்மண் வகையொன்றுக்கு மண்ணூலார் சிகாமட்டின் பெயரையே இட்டுள்ளனர். நம் முன்னோர் இரப்பர்க் கன்று நட்ட நிலத்தின் கதை இது.

2025 ஆகஸ்டு 24-இல் சிகாமட்டில் 4.1 அளவுள்ள நில அதிர்ச்சி ஏற்பட்டது. 'எரிமலை வருமோ?' என ஒரு மாணவர் வினவினால், ஆசிரியர் என் சொல்வார்? பழம்பிளவு அசைதல் வேறு, அடியில் குழம்பு ஊறுதல் வேறு என்று தெளிந்தவரே அச்சம் நீக்க வல்லார்.

'எரிமலை' என்னும் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. அது நல்ல சொல்லே. ஆனால் சொற்பிரிப்போடு பொருள் முடிந்துவிடுவதன்று. வாயினின்று பாடத்தைத் தொடங்குக. காலடி மண்ணைக் காட்டி முடிக்க.