ஹெரால்டின் அச்சை உடைத்தது யார்?

கும்பகோணத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றிக் கேட்டேன். "அது சீமை வண்டி தம்பி, நம்ம ஊரு பாரம் அதுக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டெல்டாவில் அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான்: அம்பாசடர் உழைக்கும், ஹெரால்டு உடையும். இதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

முதல்ல வண்டியைப் பார்ப்போம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல் கொண்டுவந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். 948 சிசி இன்ஜின், நாலு கியர். ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசா நிற்பதற்குள் போட்டால் கரகரன்னு கத்தும். அந்தக் காலத்து வண்டிகளில் அது சகஜம். ஆக, கெட்ட பேர் கியர்பாக்ஸால் வந்ததில்லை. கியர்பாக்ஸைத் தாண்டி விசை பின்சக்கரத்துக்குப் போகும் இடத்தில் வந்தது.

அம்பாசடரில் பின்பக்கம் ஒரே கெட்டியான ஹவுசிங். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கும். அதன் இரு பக்கமும் தனித்தனி அச்சு, ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். பறவை சிறகடிப்பதுபோல ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். இதற்குப் பெயர் ஸ்விங் ஆக்சில். பின்னால் பாரம் ஏற்றினால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு தேயும். ஜாயின்ட் எப்போதும் கோணலாகவே சுற்றும்.

இப்போ திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரும் ஆற்றங்கரைச் சாலையை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலுக்கு ஒரு மதகு, மதகுக்கு ஒரு மேடு. எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் ஆகணும். எங்கள் பெரியப்பா வீட்டு ஹெரால்டில் கல்யாணத்துக்குப் போனால் பின்சீட்டில் அஞ்சு பேர். சம்பா அறுவடை முடிந்தால் டிக்கியில் நெல் மூட்டை. பிரிட்டனில் ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவு. இங்கே மார்க் 3-ல் நாலு கதவு வைத்தார்கள். பின்னால் ஆள் ஏறுவதைச் சுலபமாக்கினார்கள். அந்த ஆளைத் தாங்கும் அச்சு மட்டும் அப்படியே இருந்தது.

பராமரிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குப் போட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. அம்பாசடருக்கு கிரீஸ் அடித்துப் பழகிய கை இதற்கும் கிரீஸே அடிக்கும். கிரீஸ் இறுகினால் மரைக்குள் எண்ணெய் போகாது, தண்ணீர் போகும். மரை துருப்பிடித்துத் தேய்ந்து ஒருநாள் முறியும். இதை எப்படி "வண்டி சரியில்லை" கணக்கில் எழுதுவது?

அப்போ தப்பு நம்முடையதுதானா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் செவ்ரலே கார்வேர் 1960-ல் ஸ்விங் ஆக்சிலோடு வந்தது. 1965 மாடலில் அவர்களே அதைக் கைவிட்டு வேறு அமைப்புக்குப் போனார்கள். ரால்ஃப் நேடரின் புகழ்பெற்ற புத்தகம் வந்ததும் அதே ஆண்டுதான். பிறகு 1970-ஐ ஒட்டி வந்த அமெரிக்கக் குட்டிக் கார்களான கிரெம்லின், வேகா, பிண்டோ மூன்றிலும் பின்னால் சாதாரண கெட்டி ஆக்சில்தான். நம்ம ஸ்டாண்டர்டு கம்பெனி அதே முடிவுக்கு வந்தது 1972-ல், கேஸல் மாடலில். பதினோரு வருஷம்! அப்பவும் இன்ஜின் அதே 948 சிசி. பிரிட்டனில் 1961-லேயே 1147 சிசிக்குப் போய்விட்டார்கள்.

மென்பொருள் வேலையில் எங்களிடம் ஒரு சாக்கு உண்டு: "என் மெஷினில் ஓடுதே!" ஓடலாம். ஆனால் பயனரின் மெஷினில் ஓட வேண்டும். நாட்டில் கார் செய்ய மூன்றே முக்கியக் கம்பெனிகள், வாங்க வருஷக்கணக்கில் க்யூ என்றிருந்த காலத்தில், பயனரின் மெஷினை எட்டிப் பார்க்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. உடைந்த பாகத்தின் விலையைக் கொடுத்தது சொந்தக்காரர். பழி போனது வண்டிக்கு.

இத்தனைக்கும் ஹெரால்டு மட்டமான வடிவமைப்பு அல்ல. சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் கவிழ்த்தால் இன்ஜின் முழுக்கத் தெரியும். ஸ்பானர் பிடித்தவர்களுக்குத்தான் அந்த அருமை புரியும். மெக்கானிக் சொன்னதைச் சின்னதாகத் திருத்திக்கொள்கிறேன்: நம்ம ஊரு பாரம் அதுக்கு ஆகாதுன்னு இல்லை, நம்ம ஊரு பாரத்தை யாரும் அதுக்குச் சொல்லிக்கொடுக்கலை.