உடைந்த பூந்தொட்டி

டி லா சோல் குழுவின் முதல் ஆல்பமான ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ பற்றி நிறையப் படித்த பிறகுதான் அதைக் கேட்டேன். 1989-ல் வந்த ஆல்பம். அதிலுள்ள சாம்பிள்களுக்கான உரிமைச் சிக்கலால் 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, குழுவின் மூவரில் ஒருவரான ட்ரூகாய் இறந்துவிட்டார்.

வந்த வருடமே விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். வில்லேஜ் வாய்ஸ் வாக்கெடுப்பில் முதலிடம். கூடவே ஒரு பட்டமும் ஒட்டிக்கொண்டது: ராப் உலகின் ஹிப்பிகள். அட்டையில் டெய்சிப் பூக்கள் இருந்தது போதுமாயிருந்தது.

நானும் சாந்தமான ஒன்றை எதிர்பார்த்துத்தான் ஹெட்போனை மாட்டினேன். காதில் விழுந்தது குறும்பு. தயாரிப்பாளர் பிரின்ஸ் பால் பிரெஞ்சுப் பாட ரெக்கார்டை டர்டில்ஸ் பாட்டின் மேல் ஓட்டுகிறார். (டர்டில்ஸ்காரர்கள் வழக்குப் போட்டது இதற்குத்தான்.) ‘கெட்டோ தாங்’ வறுமையை நேராகப் பேசுகிறது, ‘சே நோ கோ’ போதையை. இதில் ஹிப்பி எங்கே? நடுநடுவே வரும் வினாடி வினா மட்டும் இரண்டாம் முறையே அலுத்துவிடுகிறது.

பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மற்ற ராப்பர்களைத் தட்டிவைக்க இவர்களை ‘நல்ல பிள்ளைகள்’ ஆக்கினார்கள். 1991-ல் குழு பதில் சொன்னது: அடுத்த ஆல்பத்தின் பெயர் ‘டி லா சோல் இஸ் டெட்’, அட்டையில் உடைந்து கிடக்கும் டெய்சித் தொட்டி. திட்டியவர்களுக்கு பதில் சொல்லும் கலைஞர்கள் நிறைய உண்டு. இவர்கள் புகழ்ந்தவர்களுக்குச் சொன்னார்கள்.