மேற்பொருத்துப் படங்களும் பிரதேசத் திட்டமிடலும்: ஒரு மதிப்பீடு

தேசப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி நோக்கும் முறை பிரதேசத் திட்டமிடலில் இன்று கணனியின் துணைகொண்டே பெரிதும் கையாளப்படுகின்றது. எனினும் அதன் தர்க்கம் கணனிக்கு மாத்திரம் உரியதன்று. 1969இல் வெளிவந்த இயன் மக்கார்க்கின் 'இயற்கையோடியைந்த வடிவமைப்பு' என்னும் நூலே அத்தர்க்கத்தைப் பலரும் அறியச் செய்தது. அந்நூலின் நிறைகுறைகளை ஆராய்தல் இன்றைய புவியியல் தகவல் முறைமைகளை மதிப்பிடுவதற்கும் உதவுமென நாம் கருதுகின்றோம்.

நியூ யோர்க்கின் ஸ்ரேற்றன் தீவில் றிச்மண்ட் பெருந்தெருவுக்குரிய பாதையைத் தெரிதல் அந்நூலின் முக்கிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும். சாய்வு, மண், வடிகால், காடு, வனவிலங்கு, வரலாற்றுச் சிறப்பு, குடியிருப்பு முதலிய காரணிகள் ஒவ்வொன்றும் மூன்று தரங்களாக வகுக்கப்பட்டு, ஒளிபுகு தாள்களிற் கருமைச் சாயல்களாகத் தீட்டப்பட்டன. அவற்றை அடுக்கியபோது இருண்ட இடங்கள் தவிர்க்கத்தக்கனவாகவும் வெளிறிய இடங்கள் தெருவுக்கு உகந்தனவாகவும் கொள்ளப்பட்டன. காட்டின் இழப்பையும் செலவுக் கணக்கிற் சேர்த்தமை மக்கார்க்கின் நிலையான பங்களிப்பு எனலாம்.

ஆயின், கருமைகளைக் கூட்டுதல் எத்தகைய கூட்டல்? தரங்கள் வரிசையைக் காட்டுவன, அளவைக் காட்டுவனவல்ல. மண்ணரிப்பின் ஒரு தரமும் வரலாற்றுச் சின்னத்தின் ஒரு தரமும் சமமென நிறுவியவர் எவர்? 1977இல் லூயிஸ் ஹொப்கின்ஸ் இக்குறையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். இதனினும் பாரதூரமானது, குடியிருப்பின் பெறுமதி சந்தை விலைகொண்டு தரப்படுத்தப்பட்டமையாகும். விலை குறைந்த வீடுகளுள்ள பகுதி படத்தில் வெளிறுகின்றது. வெளிறிய இடத்தை நாடியே தெரு செல்கின்றது. வறியோரின் வாழிடம் இவ்வாறு தெரியப்படுமாயின், அது இயற்கையின் தீர்ப்பன்று. படம் வரைந்தோரின் தீர்ப்பே.

இவ்வெச்சரிக்கை எமது குடாநாட்டுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் மயோசீன் சுண்ணாம்புக்கல்லினுள் உவர்நீரின்மேல் நன்னீர் வில்லைகளாக மிதக்கின்றது. அதனை மீள்நிரப்புவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழையே. மண், நிலப்பயன்பாடு, கிணற்றுநீரின் உவர்த்தன்மை, நைத்திரேற்றுச் செறிவு ஆகியவற்றை ஒருங்கே நோக்காது இங்கு திட்டமிடுதல் இயலாது. ஆனால் மாரியில் எடுத்த அளவீட்டையும் கோடையில் எடுத்த அளவீட்டையும் ஒரே படையிற் கலப்பின், இரு பருவங்களுக்கும் பொருந்தாத படமொன்றே எஞ்சும். ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் அகலமான கோடு நிலத்தில் ஏறத்தாழ 63 மீற்றரை மறைக்கின்றது. பரப்புக் கணக்கில் அளக்கப்படும் தோட்டங்கள் பல அக்கோட்டினுள் அடங்கிவிடும். கணனித் திரையில் அதனைப் பெருப்பிப்பதால் கோடு கூர்மையடையலாம், தரவு கூர்மையடையாது.

ஆதலின், முடிவுப் படம் மாத்திரம் வெளியிடப்படுதல் போதாது. ஒவ்வொரு படையும், அதன் காலமும் அளவுத்திட்டமும், அதற்களித்த நிறையும் உடன் வெளியிடப்படல் வேண்டும். அப்பொழுதே தன் கிணற்றை நன்கறிந்த கமக்காரன் அப்படத்தோடு வாதிட முடியும். அவ்வாதத்துக்கு இடமளிக்காத படம் எத்துணை நுட்பமானதாயினும் திட்டமிடலுக்குரிய கருவியாகாதென்பதே எமது முடிபு.